கீழ்வீடும் மேல்வீடும்: தாராவிக்கு வரும் ஜேன் ஆஸ்டன்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பழைய நாவல் ஒன்றை எடுத்து, இன்றைக்குப் பதினேழு பதினெட்டு வயதில் இருக்கும் ஒரு பெண்ணின் காதல் கதையாகத் திரும்பச் சொல்லும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றிவிட்டது. ஜேன் ஆஸ்டனின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை எத்தனை ஊர்களுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்! குரிந்தர் சாதா 2004இல் அமிர்தசரஸுக்குச் சினிமாவாகக் கொண்டுபோனார். சோனியா கமால் பாகிஸ்தானுக்குக் கொண்டுபோனார். கனடாவில் உஸ்மா ஜலாலுதீன் அதை டொராண்டோவின் முஸ்லிம் குடும்பங்களுக்குள் குடிவைத்தார். அந்தக் கதை மும்பையின் தாராவிக்கும் மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் வந்தால் எப்படி வரவேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட கதையைத் திரும்ப எழுதுகிறவர் நாயகன், நாயகி, நடன விருந்துக்குப் பதிலாகக் கல்யாண சங்கீத் என்று தேடத் தொடங்குவதற்கு முன், அந்த ஊரில் வீடு யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். அது கிடைத்துவிட்டால் காதல் தானே வந்து உட்காரும். அது கிடைக்காவிட்டால் எவ்வளவு நல்ல வசனம் எழுதினாலும் கதை ஒட்டாது.

ஆஸ்டனின் வாழ்க்கையே இதற்குச் சாட்சி. 1775 டிசம்பர் 16 அன்று ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர். அப்பா 1805இல் இறந்ததும் அம்மாவும் இரண்டு பெண்களும் சொந்த வீடில்லாமல் ஊர் ஊராக, உறவு உறவாக மாறிக்கொண்டிருந்தார்கள். 1809இல் அண்ணன் எட்வர்ட் சாட்டனில் ஒரு வீடு கொடுத்த பிறகுதான் அவர் மறுபடி மேசையில் நிலைத்து உட்கார்ந்து எழுதினார். அதற்கு முன் 1802இல் பெரிய பண்ணை ஒன்றுக்கு வாரிசான ஒருவர் அவரைப் பெண் கேட்டார். இரவு சம்மதித்தவர், காலையில் வேண்டாம் என்றுவிட்டார். அந்த ‘வேண்டாம்’ என்ன விலையில் சொல்லப்பட்டது என்பது வாடகை வீட்டில் இருந்தவர்களுக்குப் புரியும். 1813இல் வெளிவந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் ஐந்து பெண்கள். அப்பா கண்ணை மூடினால் வீடு ஆண் வாரிசு முறைப்படி தூரத்து உறவுக்காரரான காலின்ஸுக்குப் போய்விடும். வருகிறவனுக்கு ஆண்டுக்கு எத்தனை பவுண்டு வருமானம் என்பதை ஆஸ்டன் தயங்காமல் சொல்கிறார்: நாயகன் டார்சிக்குப் பத்தாயிரம், பெண்களின் அப்பாவுக்கு இரண்டாயிரம். காதலைப் பற்றி இவ்வளவு நன்றாக எழுதிய ஒருவர் கணக்கையும் இவ்வளவு துல்லியமாக எழுதினார்.

தமிழில் பிறமொழிக் கதையைத் தழுவுவது நமக்குப் புதிதல்ல. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ 1891இல் வந்தது. லிட்டனின் கதை ஒன்றிலிருந்து கிளைத்தது. மறைமலையடிகள் 1911இல் வெளியிட்ட ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ ரெய்னால்ட்ஸின் ‘லைலா’வைத் தழுவிய காதல் நாவல். தனித்தமிழுக்கு அத்தனை உழைத்த ஒருவர், மலிவுப் பதிப்பாக வந்த ஓர் ஆங்கிலக் காதல் கதையை எடுத்து நாகநாட்டு அரசியின் கதையாக்கினார் என்பதை நான் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன். இளம் வாசகர்களுக்குக் காதல் கதை வேண்டும் என்பதை அவர் தாழ்வாக நினைக்கவில்லை. ஆனால் அந்தக் காலத் தழுவல்கள் பெரும்பாலும் கதையைப் பழங்காலத்துக்கோ ஜமீனுக்கோ தள்ளிவைத்தன. வாசகி குடியிருக்கும் தெருவுக்குள் அவை வரவில்லை.

தெருவுக்குள் வந்த தழுவல் என்று நான் சொல்வது ராஜீவ் மேனனின் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’. 2000 மே மாதம் வந்தது. ஆஸ்டனின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யைத் தழுவிய படம், வசனம் சுஜாதா. பாட்டுக்காகப் பார்த்தவர்களே அதிகம். நான் கவனிக்கச் சொல்வது அதில் வரும் உயிலை. பெரிய வீட்டுத் தாத்தா இறந்ததும், சொத்து முழுவதையும் மகன் பெயருக்கு எழுதிவைத்திருப்பது தெரியவருகிறது. அவரைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட தாயும் மகள்களும் வீட்டைவிட்டு இறங்கிச் சென்னைக்கு வருகிறார்கள். மூல நாவலில் ஒரு முதியவரின் உயில் செய்த வேலையைத் தமிழ்நாட்டிலும் உயிலால்தான் செய்ய முடியும் என்று யோசித்திருக்கிறார்கள். 1989லேயே தமிழ்நாடு மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை தந்துவிட்டது. மகாராஷ்டிரம் 1994இல் தந்தது. நாடு முழுவதும் 2005இல் வந்தது. சட்டம் கதவைத் திறந்த பிறகும் பெண்ணை வெளியே நிறுத்த மிச்சமிருந்த வழி உயில். அந்த ஒரு வழியைச் சரியாகப் பிடித்ததால் மற்றதெல்லாம் தமிழாகவே நடந்தது. இலங்கைக்குப் போன அமைதிப்படையில் காலை இழந்த மேஜரும், நிதி நிறுவனம் மூழ்கியதும் வசதியான இடத்தில் பெண் எடுக்கத் துணியும் காதலனும் அந்தக் காலத் தமிழ்நாட்டிலிருந்து நேராக வந்தவர்கள்.

அதே காரியத்தை இளையோர் நாவலில் செய்தவர் இபி சோபோய். ஹெய்ட்டியில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். 2018இல் வந்த அவருடைய ‘பிரைட்’ நாவலின் நாயகி சூரி பெனிடெஸுக்குப் பதினேழு வயது. புரூக்ளினின் புஷ்விக் பகுதியில் நெருக்கமான வாடகை வீட்டில் நான்கு சகோதரிகளோடு இருக்கிறாள். எதிரே பாழடைந்து கிடந்த மாளிகையை வாங்கிப் புதுப்பித்துக்கொண்டு பணக்காரக் கறுப்பினக் குடும்பமான டார்சிகள் குடிவருகிறார்கள். தெரு விலையேறுகிறது, பழைய ஆட்கள் ஒவ்வொருவராகக் காலிசெய்கிறார்கள். காலின்ஸாக வருபவன் அந்தக் கட்டட உரிமையாளர் அம்மாளின் உறவுக்காரப் பையன். அவள் இறந்ததும் கட்டடம் அவனுக்குப் போகிறது, அவன் விற்றுவிடுகிறான், பெனிடெஸ் குடும்பம் வேறு பகுதிக்குப் போகிறது. காதல் கைகூடியும் தெரு கைவிட்டுப் போகிறது. பெரிய வீட்டுக்கு நாயகி எஜமானியாகப் போவது ஆஸ்டனின் முடிவு; அதை மாற்றத் துணிந்ததால்தான் சோபோயின் நாவலை நான் வெறும் தழுவல் என்று சொல்வதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். மாதுங்காவில் வளர்ந்தவள் நான். இங்கே ஆரம்பிப்பதுதான் முறை. 1896இல் பிளேக் வந்து ஊரை உலுக்கியதும், 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைத்தார்கள். தாதர், மாதுங்கா மனைப் பிரிவுகள் அதன் திட்டத்தில் உருவானவை. டைப்பும் ஷார்ட்ஹேண்டும் கற்று ரயிலேறி வந்த தென்னிந்திய குமாஸ்தாக்கள் இந்த மூன்று மாடிக் கட்டடங்களில் குடியேறினார்கள். வரலாற்றாசிரியர் நிகில் ராவ் பம்பாய்ப் புறநகர் அடுக்குமாடி வாழ்க்கையைப் பற்றி 2013இல் ஒரு புத்தகமே எழுதினார். கழிப்பறை வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஃபிளாட் என்ற புதுமையை ஆசாரமான குடும்பங்கள் எப்படி ஏற்றுக்கொண்டு, அதையே தங்கள் அடையாளமாக்கிக்கொண்டன என்பதை அதில் காட்டியிருக்கிறார். ஆஸ்திக சமாஜம், 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், பூக்கடை வரிசை, காபிப் பொடிக் கடை என்று இந்தத் தெருக்களுக்கு ஒரு கௌரவம் வந்து சேர்ந்தது. டார்சியின் கௌரவம் எங்கே குடியிருக்கிறது என்று கேட்டால் இங்கேதான் என்று இந்த மண்டபத்திலேயே சொல்லத்தான் வேண்டும்.

அந்த ஃபிளாட்டுகளில் பல பகடி வீடுகள். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு, மாதம் சொற்ப வாடகையில் தலைமுறை தலைமுறையாக இருப்பது. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 மார்ச் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகைதாரர் இறந்தால், இறக்கும் நேரத்தில் அவரோடு அந்த வீட்டில் குடியிருந்த குடும்பத்தாருக்கே குடியிருப்பு உரிமை போகும் என்கிறது அது. அப்படி யாரும் இல்லாவிட்டால்தான் மற்ற வாரிசுகள். கட்டிக்கொடுத்து அனுப்பிய மூன்று பெண்கள் ஒருபுறம், கடைசிக் காலத்தில் ‘துணைக்கு’ வந்து தங்கிய தம்பி மகன் ஒருபுறம் என்று நினைத்துப் பாருங்கள். காலின்ஸ் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டான். இப்படி எத்தனை வீடுகளில், யார் கடைசியில் உடனிருந்தார்கள் என்று ரேஷன் கார்டையும் கேஸ் ரசீதையும் வைத்துக்கொண்டு உடன்பிறந்தவர்கள் பேச்சு முறிந்து போயிருக்கிறார்கள்!

மாதுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே போகலாம். கோலி மீனவர்களின் குப்பமாக இருந்த இடம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் பதனிடும் தொழில் அங்கே நகர்ந்ததும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் நாடார்களும் வந்தார்கள். தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ‘படீ மஸ்ஜித்’ என்ற பெரிய மசூதியும் ஆதிதிராவிடர்கள் எழுப்பிய கணேசர் கோவிலும் ஒரு நூற்றாண்டைத் தாண்டி நிற்கின்றன. பழைய காவியத்தைத் திரும்பச் சொல்வதும் தாராவிக்கு அந்நியமில்லை. பா. ரஞ்சித் 2018இல் ‘காலா’வில் ராமாயணத்தைத் தலைகீழாகப் பிடித்து, தாராவிக்காரரின் நிலப் போராட்டமாகச் சொன்னார்.

இப்போது அங்கே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு மறுகட்டுமான ஒப்பந்தத்தைப் பெற்றது. அரசுக்கு இருபது சதவீதம் பங்கு. 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குக் காகிதம் உள்ளவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதற்குப் பின் வந்தவர்களுக்கும், மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே, பணம் கட்டிப் பெறும் வீடு.

மேல்தளம் என்பதை வெளியூர்க்காரர்கள் மாடி வீடு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. பத்துக்குப் பத்து அறை ஒன்று; மும்பைப் பேச்சில் கோலி. ஒரு மூலையில் மோரி. பாத்திரம் கழுவுவதும் குளிப்பதும் அங்கேதான். வெளியே சந்தில் நட்டுக்குத்தலாக ஓர் இரும்பு ஏணி. கைப்பிடிக்குப் பதிலாகத் தகரத்தில் துளைபோட்டுக் கட்டிய நைலான் கயிறு. குடத்தோடும் ஏறுவார்கள், கைக்குழந்தையோடும் ஏறுவார்கள். ஏறினால் இன்னொரு கோலி, இன்னொரு குடும்பம். கீழே இருப்பவர்களுக்கும் மேலே இருப்பவர்களுக்கும் ஒரே மீன் வாசம், ஒரே தண்ணீர் நேரம், ஒரே டிவிச் சத்தம். ஆனால் அரசின் காகிதத்தில் அந்த ஏணியின் இரண்டு முனைகளும் இரண்டு ஊர்களாகிவிட்டன. ஆஸ்டன் இதைப் பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

என் மனதில் இருக்கும் நாவலைச் சொல்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதலாம். நாயகி மேல்வீட்டுப் பெண். பாளையங்கோட்டைப் பக்கத்து ஆதிதிராவிடர் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கீழ்வீடு ஒரு காலத்தில் அவள் தாத்தாவுடையது. இப்போது காகிதம் சித்தப்பா பெயரில் இருக்கிறது. டார்சி மாதுங்காவின் பிராமணக் குடும்பத்துப் பையன், நகரமைப்பு படிக்கிறவன், கணக்கெடுப்புக் குழுவோடு டேப்லெட்டை ஏந்திக்கொண்டு சந்துக்குள் வருகிறான். மூல நாவலில், நடன விருந்தில் நாயகியின் அழகு சுமார்தான் என்று டார்சி நண்பனிடம் சொல்வது அவள் காதில் விழும். இங்கே அவன் ஏணியை அண்ணாந்து பார்த்துவிட்டு, “மேல்வீடு. தேறாது,” என்று கூட வந்தவனிடம் சொல்கிறான். அவள் மேலே துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள். அழகைச் சொல்லியிருந்தால்கூட ஒருவேளை மன்னித்திருப்பாள்.

மூல நாவலின் மோசக்காரன் விக்கம் இங்கே யார் என்பதில் தாராவிக்காரர்களுக்குச் சந்தேகமே வராது. பழைய தேதியிட்ட ரசீது, ஓட்டர் லிஸ்ட் நகல் எல்லாம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் வாங்கும் ஏஜெண்ட். சிரித்த முகம், பைக், எல்லார் வீட்டிலும் சாயா. நாயகியின் தங்கையோடு அவன் ஓடும்போது பல குடும்பங்களின் சேமிப்பும் ஓடுகிறது. மூல நாவலில் நாயகியை மிரட்ட வரும் லேடி கேதரின், இங்கே பையனின் பெரியம்மா. ‘எங்க பிள்ளைய விட்டுடு’ என்று மிரட்ட வருகிறவர், அந்த ஏணியில் ஏறித்தான் ஆகவேண்டும். சண்டை போட வந்த கிழவியை நாயகியின் அம்மா கைகொடுத்துத் தூக்கிவிடுவாள், “பாத்து வாங்கம்மா, நாலாவது படி ஆடும்.” அந்தக் காட்சியை எழுதுகிறவர் மேல் எனக்கு இப்போதே பொறாமையாக இருக்கிறது.

நாயகியின் தோழி சார்லட்டைச் செம்பூருக்கு அனுப்ப வேண்டும். மாதுங்காவில் இடம் போதாமல் அடுத்த தலைமுறை போய்ச் சேர்ந்த இடம் அது. சேடா நகர் முருகன் கோவிலைச் சுற்றி ஒரு தமிழூரே இருக்கிறது. மூல நாவலின் சார்லட் இருபத்தேழு வயதில், காதல் இல்லாமல், வீட்டுக்காகக் காலின்ஸைக் கட்டிக்கொள்கிறாள். மும்பையில் வரன் பேசும்போது ஜாதகத்துக்கு முன்னாலேயே ‘சொந்த வீடா, வாடகையா’ என்ற கேள்வி வந்துவிடுகிறது. வீட்டைப் பார்த்துக் கட்டிக்கொண்ட பெண்களை நாம் எல்லாரும் அறிவோம்; அவர்களை இளக்காரமாகப் பார்க்க யாருக்கும் உரிமையில்லை. சார்லட் போய்ச் சேர்ந்த கட்டடம் இடித்துக் கட்டப் போகட்டும். பில்டர் தரும் வாடகைப் பணத்தில் மூன்று வருடம் வேறு வீட்டில் அவள் குடித்தனம் நடக்கட்டும். செம்பூரின் இன்னொரு ஓரத்தில் மாஹுல் இருக்கிறது. இடித்த வீடுகளுக்கு மாற்றாக அங்கே அனுப்பப்பட்டவர்கள், சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே மூச்சுவிட முடியவில்லை என்று போராடி உயர்நீதிமன்றம் வரை போனார்கள். தாராவிக்கு ‘வெளியே’ என்ற சொல்லைக் கேட்டதும் நாயகியின் அம்மா ஏன் உறைந்துபோகிறாள் என்பதற்கு வாசகிக்கு அந்த ஒரு பெயர் போதும்.

சாதியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. நாகராஜ் மஞ்சுளேயின் ‘சைராட்’ 2016இல் வந்தபோது மராத்திப் பிள்ளைகள் தியேட்டரிலேயே ஆடினார்கள், பிறகு வாயடைத்து வெளியே வந்தார்கள். இரண்டு வருடத்தில் அதையே இந்தியில் ‘தடக்’ என்று எடுத்தபோது கதை உதய்ப்பூருக்குப் போனது. சாதி தேய்ந்து அந்தஸ்து வித்தியாசமாகிப்போனது. முதுகெலும்பை உருவிவிட்ட தழுவல் எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. அதே 2016 மார்ச்சில்தான் சாதி கடந்து மணந்த ஓர் இளைஞரை உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். ஆஸ்டனின் உலகத்தில் எல்லை மீறிய காதலுக்கு அதிகபட்சத் தண்டனை அவமானம். நம் உலகத்தில் அப்படி இல்லை என்பது பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். தெரியாததுபோல் ஒரு காதல் கதை எழுதினால் அவள் இரண்டாம் அத்தியாயத்தில் மூடிவைத்துவிடுவாள்.

அப்படியானால் சோகமாக முடிக்கலாமா? கூடாது என்பது என் உறுதியான எண்ணம். காதல் நாவல் வாசகிக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் தொடங்குகிறது. கடைசியில் இருவரும் சேர்வார்கள், உயிரோடும் இருப்பார்கள். ரமணிசந்திரனின் நாவல்களை நம் பெண்கள் லோக்கல் ரயிலின் மகளிர் பெட்டியில் நின்றுகொண்டே படித்துத் தீர்த்தது அந்த வாக்கை நம்பித்தான். பணக்கார மாப்பிள்ளையின் பங்களா அங்கே தயாராகக் காத்திருக்கும். அது ஒன்றைத்தான் நான் மாற்றச் சொல்கிறேன். குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் ஒரு நல்ல விதி இருக்கிறது. வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகத்தான் ஒதுக்கப்படும். ஆஸ்டன் காலத்துப் பெண்களுக்கு எளிதில் கிடைக்காத உரிமை அது. நாயகி மாதுங்கா ஃபிளாட்டுக்கு மருமகளாகப் போகவேண்டாம். சித்தப்பாவோடு வழக்காடி, அம்மாவின் பெயரை அந்தக் காகிதத்தில் ஏற்றட்டும். அதற்கான பழைய ரசீதுகளைத் தேடி எடுப்பதில் டார்சி தன் தப்பை உணரட்டும். கல்யாணம் அதற்குப் பிறகு நடக்கட்டும்.

அமைப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம். நாஞ்சில் நாடனின் ‘மிதவை’ 1986லேயே வேலை தேடி வந்த தமிழ் இளைஞனின் மும்பையைக் காட்டியது. அம்பை இந்த நகரத்தில் இருந்துகொண்டே பல பத்தாண்டுகளாக எழுதிவருகிறார். ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகளில் பலர் திருநெல்வேலித் தமிழை இந்தி, மராத்தி கலந்து மணிமணியாகப் பேசுகிறார்கள், தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறார்கள். தேவநாகரி அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அடுத்த ஆண்டு இந்த அறக்கட்டளைத் தொகையில் சொற்பொழிவுக்குப் பதிலாக, தாராவியின் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு நாவல் போட்டி வையுங்கள். பேசுகிற தமிழிலேயே எழுதட்டும். தேர்வாகும் நாவலைத் தமிழ் எழுத்தில் ஒரு பதிப்பும், அதே தமிழைத் தேவநாகரியில் ஒரு பதிப்பும், குரல் பதிவாக ஒன்றும் வெளியிடுங்கள். நடுவர்களில் ஒருவராவது மேல்வீட்டிலிருந்து வரட்டும்.